வேங்கிக்கால் வீடும் என் குடலில் வந்த சீழ்க்கட்டியும்

1

வருடா வருடம் ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் காலை டீயைக் கையில் எடுக்கும் நேரம் பார்த்து, திருவண்ணாமலையிலிருந்து அண்ணன் போன் செய்வார். மற்ற நாட்களில் நான்தான் அவரைக் கூப்பிட வேண்டும். வெளிநாட்டில் இருப்பவன்தான் கூப்பிட வேண்டும் என்பது நம் ஊரில் யாரும் எழுதி வைக்காத சட்டம். இந்த ஒரு போன் மட்டும் அவருடையது. வேங்கிக்காலில் வீடு கட்டி அவர் பால் காய்ச்சிய நாள் ஓர் ஆவணியில்தான் வந்தது. நான் சாகாமல் தப்பியதும் அதே வாரம்தான்.

"வயிறு எப்படிடா இருக்குது?"

"நல்லாருக்குதுண்ணா. வீடு எப்படி இருக்குது?"

"அதுக்கின்னா, நல்லாத்தான் இருக்குது."

அதன் பிறகு மழைக்குப் போய்விடுவோம். இங்கே ஜாஸ்தி, அங்கே கம்மி. உலகத்தில் மழை என்று ஒன்று இல்லாவிட்டால் அண்ணன் தம்பிகள் போனில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டைப் பற்றி அவர் சொல்வதில் பொய் இல்லை. வீடு நன்றாகத்தான் இருக்கிறது. அவர்தான் அதில் இல்லை. ஆசிரமத்துக்கு வந்து ஊரோடு தங்கிவிட்ட ஒரு ஜெர்மன்காரப் பெண்மணி அதில் வாடகைக்கு இருக்கிறார். சொந்த வீட்டுக்காரரான அண்ணன், டவுனுக்குள் ஒரு சந்தில், இன்னொருவர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறார். இதற்குக் காரணம் வீட்டின் ராசி என்று வேங்கிக்காலில் பலரும் சொல்கிறார்கள். அவர்களில் சிலர் இந்தப் பத்திரிகையை வாங்குகிறவர்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2

நான் கீழ்பென்னாத்தூர்க்காரன். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட கொல்லையில் களை எடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனவன். 1989-இல் இங்கிலாந்தின் வடக்கே ஒரு மழை ஊருக்கு வந்து சேர்ந்தேன். இங்கே நகராட்சியில் இன்ஜினியர் என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். என்ன இன்ஜினியர் என்பதைத்தான் அண்ணனைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. இந்த ஊரின் சாக்கடைக் குழாய்கள் என் பொறுப்பு. எங்கே அடைப்பு, எங்கே கசிவு, எங்கே குழாயின் சுவர் மெலிந்து புடைத்திருக்கிறது என்று கேமராவை உள்ளே விட்டுக் கண்டுபிடிப்பது என் தொழில். ஆகவே 2000-ஆம் ஆண்டு அடிவயிற்று வலியும் காய்ச்சலுமாகப் படுத்து எழுந்த பிறகு ஒரு டாக்டர் என் பெருங்குடலுக்குள் கேமராவை விட்டுப் படத்தைத் திரையில் காட்டியபோது, நோயாளியாக அல்ல, சக தொழிலாளியாகத்தான் பார்த்தேன்.

குடலின் சுவரில் மெலிந்த இடங்களில் சின்னச் சின்னப் பைகள் வெளியே பிதுங்கியிருந்தன. டைவர்டிகுலா என்று அதற்குப் பெயர். சும்மா இருந்தால் தொந்தரவு இல்லை. ஒன்று வீங்கிப் புண்ணானால் காய்ச்சலும் வலியும் வரும். அந்தப் புண் ஓட்டையானால் குடலுக்கு வெளியே சீழ்க்கட்டி வைக்கும். கட்டி வயிற்றுக்குள் உடைந்தால் மனுஷன் போயே போய்விடுவான். இதையெல்லாம் அந்த டாக்டர் வானிலை அறிக்கை வாசிப்பதுபோல் சொன்னார்.

"உங்கள் பக்கத்து மக்களுக்கு இது வந்தால் பெரும்பாலும் வலப் பக்கம் வரும். உங்களுக்கு எங்களைப் போல இடப் பக்கம் வந்திருக்கிறது," என்றார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. இந்த நாட்டுக் குடியுரிமைக்கு நான் எத்தனை படிவம் நிரப்பினேன், எத்தனை வரிசையில் நின்றேன். என் குடல் ஒரு விண்ணப்பமும் போடாமல் பதினோரு வருடத்தில் வெள்ளைக்காரனாகிவிட்டது.

படிவம் இங்கேயும் இருந்தது. அன்றாடம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள். காலையில் வெள்ளை ரொட்டி, மதியம் வெள்ளை ரொட்டி, இரவு வெள்ளைச் சோறு என்று நேர்மையாக எழுதினேன். உணவு ஆலோசனை சொல்லும் பெண் அதைப் படித்துவிட்டு, "பச்சையாக எதுவுமே சாப்பிடுவதில்லையா?" என்று கேட்டாள். பச்சை மிளகாய் என்றேன். அவள் சிரிக்காமல் அதையும் எழுதிக்கொண்டாள். சின்ன வயதில் கேழ்வரகுக் களி தின்று வளர்ந்தவன் நான். அதைத் தின்னாமல் இருப்பதற்காகவே படித்து முன்னேறியவன் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் மகள் தாரணி, அப்போது அவளுக்குப் பதிமூன்று வயது, மருத்துவமனை கொடுத்த தாளை எனக்குப் படித்துக் காட்டினாள். எனக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது என்பது அவளுடைய அசைக்க முடியாத நம்பிக்கை. "வலியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் உடனே ஆஸ்பத்திரி. பேதி மருந்து எதுவும் எடுக்கவே கூடாது. புரிஞ்சுதா அப்பா?" புரிந்தது.

ஊருக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. அண்ணனுக்குச் சர்க்கரை உண்டு. பதினோரு வருடங்களாக அவருக்கு நான் எழுதிய கடிதங்கள் எல்லாம் ஆரோக்கிய உபதேசம்தான். நடங்கள், ஓட்ஸ் சாப்பிடுங்கள், எண்ணெயைக் குறையுங்கள் என்று எழுதியவன், என் குடலில் பொத்தல் விழப் பார்க்கிறது என்று எப்படி எழுதுவது? போதாக்குறைக்கு வியாதி வந்த இடமும் சபையில் சொல்லிக்கொள்ளும்படியாக இல்லை. இதயம் என்றால் ஒரு மதிப்பு உண்டு. என் மனைவி செல்வியிடமும் வாய் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அவள் "உங்க இஷ்டம்" என்றாள். அந்த இரண்டு சொற்களுக்கு என்ன அர்த்தம் என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

3

2002 ஆவணியில் கிரகப்பிரவேசம். செல்வியையும் தாரணியையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். கலெக்டர் ஆபீசில் கிளார்க்காக இருபது வருடம் அடுத்தவர் மனை, அடுத்தவர் பட்டா என்று எழுதிக்கொண்டிருந்த அண்ணன், அந்த ஆபீசுக்குப் பின்னாலேயே ஒரு மனை வாங்கித் தன் பெயரில் வீடு கட்டியிருந்தார். வீட்டுக்கு என் காணிக்கை ஒன்று உண்டு. செப்டிக் டேங்க். இங்கிருந்தே பிளான் வரைந்து தபாலில் அனுப்பினேன். தரையின் சரிவைப் பார்த்து, கிணற்றுக்கு எட்டாத தூரத்தில், தென்மேற்கு மூலையில் வைத்தேன். அந்த மூலை வேண்டாம் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். "என் தம்பி லண்டன்ல இதுக்கே படிச்சவன்யா" என்று அண்ணன் அவர் வாயை அடைத்திருக்கிறார்.

விழாவுக்கு முதல் நாளே இடப் பக்கம் அடிவயிறு வலித்தது. விமானச் சாப்பாடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விடியற்காலையில் பசுவும் கன்றும் உள்ளே வந்தன, ஹோமப் புகை வந்தது, பால் பொங்கியது, நானும் வலியோடு பொங்கிக்கொண்டிருந்தேன். அண்ணி சாப்பாட்டுப் பந்தியில் என் இலைக்கு எதிரிலேயே நின்றார்.

"இன்னா தம்பி, அப்படியே வச்சிக்கினு இருக்கீங்க? எங்க வீட்டு சாப்பாடு எறங்கலியா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தவன் இன்னும் பிறக்கவில்லை. இரண்டு முறை வடை வாங்கிச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் சுருண்டு படுத்துவிட்டேன். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே நோயைக் கண்டுபிடித்தார்கள். நம் ஊரில் மார்பு முதல் தொடை வரை எங்கே வலித்தாலும் அதற்குப் பெயர் வாய்வு. ஒருவர் பெருங்காயம் என்றார், ஒருவர் ஓமத் தண்ணி என்றார், எதிர்வீட்டுக்காரர் சோடா வாங்கியே வந்துவிட்டார். பிரச்சினையை முடித்து வைத்தவர் அண்ணன். எங்கள் வீட்டில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லோரும் பேதிக்குச் சாப்பிடுவது வழக்கம். அப்பா இருந்தவரை அவர் ஊற்றினார். அவருக்குப் பிறகு அண்ணன்.

"ஃபாரின்ல போயி வயித்த கழுவியே இருக்க மாட்ட நீ. பதிமூணு வருஷத்து அழுக்கு. காலீல வெறும் வயித்துல வெளக்கெண்ண குடிச்சீன்னா எல்லாம் சரியாப்பூடும்."

மறுநாள் காலை ஒரு டம்ளரில் காபியோடு கலந்து கொடுத்தார். தாரணி இன்னும் தூங்கி எழவில்லை. செல்வி வாசற்படியில் நின்று என் முகத்தையே பார்த்தாள். நான் அவளைப் பார்க்காமல் குடித்தேன். என் அண்ணன் முன்னால் நான் கேமரா விடும் இன்ஜினியர் அல்ல, என் மூக்கைப் பிடித்து அவர் எண்ணெய் ஊற்றிய பையன்.

அன்று முழுவதும் புதுவீட்டுக் கழிவறையில் குடியிருந்தேன். என் செப்டிக் டேங்க் பிரமாதமாக வேலை செய்தது. மூன்றாம் நாள் குளிர் ஆரம்பித்தது. ஆவணி வெயிலில் மூன்று போர்வை போர்த்திக்கொண்டு பல் கிட்டிப் படுத்திருந்தேன். வயிறு பலகையாக இருந்தது. அப்போதுதான் செல்வி, "இப்ப ஆஸ்பத்திரிக்குப் போகலேன்னா நான் கத்துவேன்" என்றாள்.

4

போவதில் ஒரு சிக்கல் இருந்தது. பால் காய்ச்சி மூன்று நாள் முடியாத வீட்டின் தலைவாசல் வழியாக நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கூடாதாம். அண்ணி கையைப் பிசைந்தார். "தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. பின்பக்கமா போயிடலாங்களா?" பின்பக்கம் இன்னும் காம்பவுண்டு கட்டவில்லை. மணல் குவியல், அதற்கப்பால் ஜல்லிக் குவியல், அதற்கப்பால் ரோடு. நூற்று மூன்று டிகிரி காய்ச்சலில், வயிற்றுக்குள் சீழோடு, அண்ணன் ஒரு பக்கமும் தாரணி ஒரு பக்கமும் பிடித்துக்கொள்ள, நான் ஜல்லி மலை ஏறி இறங்கினேன். யார் கண்ணிலும் படக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. தெருவே பின்பக்கம் வந்து நின்று பார்த்தது.

அன்று பௌர்ணமி. கிரிவலத்துக்கு வந்த கூட்டம் பஸ் பஸ்ஸாக இறங்கிக்கொண்டிருந்தது. அத்தனை ஜனமும் மலையைப் பார்த்துப் போக, எங்கள் ஆட்டோ மட்டும் ஸ்கேன் எடுக்கும் இடத்தைத் தேடி எதிரே ஊர்ந்தது.

டவுனில் ஒரு சின்ன நர்சிங் ஹோம். அங்கே இருந்த இளம் டாக்டர் வயிற்றில் கை வைத்ததும் முகம் மாறினார். ஸ்கேன் எடுத்தார். "இடப் பக்கம் குடலை ஒட்டி எலுமிச்சம்பழத்தைவிடப் பெருசா சீழ் கட்டியிருக்குது. உடைஞ்சா கஷ்டம். உடனே வேலூர் போங்க," என்றார். இதை அவர் வெளியில் நின்ற அண்ணனிடமும் தாரணியிடமும் சொல்லப் போனார். அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. நான் கூரையில் ஓடிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, ஜல்லியில் ஏறும்போதே அது உடையாமல் இருந்ததற்கு அண்ணாமலையாருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். பயத்தில் நான் நல்ல பக்தன்.

வேலூரில் ஸ்கேனில் பார்த்துக்கொண்டே வயிற்றின் வழியாக ஒரு மெல்லிய குழாயை இறக்கிச் சீழை வடித்தார்கள். கத்தி வைக்காமலே முடிந்தது. குழாயின் நுனியில் ஒரு பை. பத்து நாள் அந்தப் பையோடு நடந்தேன். மற்றவர்களின் கழிவை வடித்துச் சம்பாதித்தவனுக்கு இது பொருத்தமான மரியாதை. பெரிய டாக்டரிடம் செல்விதான் எண்ணெய் விஷயத்தைக் கேட்டாள். "எண்ணெய்தான் காரணம்னு சொல்ல முடியாதும்மா. அதுக்கு முன்னாடியே ஓட்டை விழுந்திருக்கலாம். ஆனா அது நல்லதும் பண்ணல," என்றார் அவர். அந்த நேரம் அண்ணன் எனக்கு இளநீர் வாங்கப் போயிருந்தார். டாக்டர் சொன்னதை அவரிடம் நான் பிறகும் சொல்லவில்லை.

இங்கிலாந்துக்குத் திரும்பி வந்ததும் பயணக் காப்பீட்டுக்காரர்களிடமிருந்து கடிதம். முன்பே இருந்த நோயைத் தெரிவிக்காமல் மறைத்தீர்கள், ஆகவே எங்களுக்குப் பொறுப்பில்லை என்று எழுதியிருந்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மறைத்தேனாமே! நான்கு பக்கத்துக்கு மறுப்பு எழுதினேன். தாரணி அதில் இலக்கணப் பிழைகளை மட்டும் திருத்திக் கொடுத்துவிட்டு, "அவங்க சொல்றது உண்மைதானே அப்பா" என்று சொல்லி மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

5

நான் விமானம் ஏறிய வாரமே வேங்கிக்கால் வீட்டுக்கு ஒரு வாஸ்து நிபுணர் வந்திருக்கிறார். அந்த வருடங்களில் ஊரில் கொசுவும் அவர்களும்தான் பெருகிக்கொண்டிருந்தார்கள். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "கன்னி மூலைல பள்ளம் தோண்டி மலத்த தேக்கி வச்சிருக்கீங்களே, கூடப் பொறந்தவன் கொடலு அழுகாம இன்னா பண்ணும்?" என்று கேட்டிருக்கிறார். தென்மேற்கைத்தான் அப்படிச் சொல்வது. என் செப்டிக் டேங்க் என் குடலைப் பழிவாங்கியது என்பதை அறிவியல் பூர்வமாக நிரூபித்த முதல் ஆள் அவர்தான்.

அண்ணிக்கு அன்றோடு தூக்கம் போனது. அடுத்து யார் என்று பயந்தார். மூன்று மாதத்தில் டவுனுக்குள் வாடகை வீடு பார்த்துப் போய்விட்டார்கள். வீட்டை விற்கப் பார்த்தார்கள். ராசியில்லாத வீட்டை யார் வாங்குவார்? வாஸ்து தெரியாத ஜெர்மன்காரப் பெண்மணிதான் வந்தார். மூன்று வருடத்துக்கு மேலாகக் கன்னி மூலைப் பள்ளத்தைத் தினமும் உபயோகிக்கிறார். தினமும் காலையில் மலையைச் சுற்றி ஓடுகிறார். இதற்கு வாஸ்து நிபுணரின் விளக்கம், வாடகைக்காரரைத் தோஷம் தாக்காது என்பது. அந்த நியாயப்படி உலகத்தில் எல்லோரும் வாடகைக்கே போய்விடலாம்.

இவ்வளவு கேலி பேசுகிற நான் ஒரு போன் செய்து, "அண்ணா, எனக்கு இந்த வியாதி ரெண்டு வருஷம் முன்னாடியே இருந்தது" என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். சொல்லவில்லை. இந்த வருடம் சொல்லலாம், நேரில் போய்ச் சொல்லலாம், அண்ணிக்குப் பயம் தணியட்டும் என்று ஒத்திப்போட்டேன். ஒவ்வொரு ஆவணியிலும் மழையைப் பற்றிப் பேசினேன். எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். இதற்குமேல் அழகான காரணம் என்னிடம் இல்லை.

6

தாரணி இப்போது வேறு ஊரில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். எங்களோடு தமிழில் பேசுவது, துவைக்க வேண்டிய துணி மூட்டையோடு வரும் நாட்களில் மட்டும்தான். இந்த ஆவணி போன் வந்தபோது அப்படி வந்திருந்தாள். நான் போனை வைத்ததும் கேட்டாள்.

"பெரியப்பா இன்னும் அந்த வீட்டுக்குப் போகலையா? ஏன்?"

"ராசியில்லன்னு பயப்படறாங்கம்மா."

"பெரியப்பாவா? அவருக்குத்தான் தெரியுமே. அந்த நர்சிங் ஹோம்ல டாக்டர் கேட்டாரு, இது முன்னாடி வந்திருக்கான்னு. நான் சொன்னேன், டூ இயர்ஸ் முன்னாடி வந்ததுன்னு. பெரியப்பா பக்கத்துலதான் நின்னாரு. அப்புறம் என்னை ஓரமா கூட்டிட்டுப் போயி, 'இத யாருகிட்டயும் சொல்லாதம்மா, அப்பாகிட்டகூட நான் கேட்டேன்னு சொல்லாத'ன்னாரு. நான் ப்ராமிஸ் பண்ணேன்."

நான்கு வருடம் வாக்கைக் காப்பாற்றியிருக்கிறாள். இவள் நம்மவளாக இல்லாமல் போகிறாள் என்று போகிற வருகிறவரிடமெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தவன் நான்.

அண்ணனைத் திரும்பக் கூப்பிட்டேன். ஒரே நாளில் இரண்டாவது போன் என்றதும் பதறிவிட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"பாப்பா சொல்லிடுச்சா?" என்றார்.

"ஏண்ணா, தெரிஞ்சும் நாலு வருஷமா சும்மா இருந்தீங்க? அண்ணிகிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"இன்னாடா சொல்றது? தம்பி வியாதிய மறச்சிக்கினு வந்தான்னு அவகிட்ட சொன்னா, மறுநாளு ஊரே சொல்லும். அதும் இல்லாம..." நிறுத்தினார். "எண்ணைய குடுத்தவன் நானுடா. பாப்பா அத சொன்னப்போதான் எனக்கு ஒறச்சுது. தம்பிய நானே கொன்னிருப்பேன். உன்ன குத்தம் சொல்ல எனக்கு இன்னா யோக்கியத இருக்குது? வூட்டு மேல பழி போனா போவட்டும்னு வுட்டுட்டேன்."

எண்ணெய்மேல் பழி போட முடியாது என்று டாக்டர் சொன்னதை அப்போதுதான் அவரிடம் சொன்னேன், நான்கு வருடம் கழித்து. அவர் "அப்படியா சொன்னாரு?" என்று மூன்று முறை கேட்டார். மூன்றாவது முறை குரல் உடைந்தது. நானும் அழுதேன். செல்வி வந்து அடுப்பை அணைத்துவிட்டுப் போனாள்.

ஆகவே வேங்கிக்கால் பெரியோர்களே, எதிர்வீட்டுக்காரரே, வாஸ்து நிபுணர் அவர்களே, அண்ணி: அந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை. வியாதி என்னோடு விமானத்தில் வந்தது. எனக்குத் தெரிந்தே வந்தது. வீட்டுக்குத் திரும்பிப் போங்கள்.

எழுதியதைச் செல்வியிடம் படித்துக் காட்டினேன். எல்லாம் சரி, மூன்றாம் பகுதியில் ஒரு இடம் விட்டுப்போயிருக்கிறது என்றாள். விட்டுப்போகவில்லை, நான்தான் விட்டேன். எழுதிவிடுகிறேன். அன்று காலை அண்ணன் டம்ளரை உடனே என் கையில் கொடுத்துவிடவில்லை. கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "டேய், நெஜத்த சொல்லு. முன்ன எப்பனா இந்த மாரி வந்துருக்குதா? வந்துருந்தா சொல்லு, டாக்டருகிட்ட போயிடலாம்" என்று கேட்டார்.

"இல்லண்ணா, இதான் மொதல் தடவ" என்று சொல்லி, டம்ளருக்குக் கையை நீட்டினேன்.